மூன்று கணினியிலும் ‘செய்யாறு’ செய்யாறாகவே வந்தது

நேற்று இரவு 11 மணி வாக்கில் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் சோதனை தேறியதற்கான பச்சை டிக் விழுந்தது. புள்ளியியல் வேலைக்கான ஆர் நிரல் மொழியில் நான் எழுதிக்கொண்டிருந்த மழைப் பேக்கேஜ் (பிறரும் நிறுவிப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), உள்ளே இருக்கும் தரவோடு சேர்ந்து மூன்றிலும் ஒரே மாதிரி நிறுவப்பட்டு, ஒரே மாதிரி திறந்து, ‘செய்யாறு’ என்ற ஊர்ப் பெயரைச் ‘செய்யாறு’ என்றே திரையில் காட்டியது. கணக்குப் போடும் நிரலை எழுத 4 நாள்தான் ஆனது. தரவை உள்ளே வைத்துப் பிறர் கணினியிலும் திறக்கச் செய்ய 7 வாரம் ஆனது. அந்த 7 வாரத்தில் நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். தமிழ்ப் பெயர்களோடு ஒரு தரவுத் தொகுப்பைப் பேக்கேஜாக வெளியிட நினைப்பவர்களுக்கு இதில் பாதியாவது உதவும்.

முதலில் தரவைப் பற்றி. 5 மாவட்டங்களில் 41 மழைமானிகள். விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு தபால்காரர் என்று தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் எழுதி வைத்தவை. 2011 ஜனவரி 1 முதல் 2022 டிசம்பர் 31 வரை, 4,383 நாள். 41 மானிக்கும் சேர்த்து 1,79,703 வரிசை. மாதத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் 5,904 பக்கம் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துக்கு 3 ரூபாய் என்று பேசி 17,712 ரூபாய் கொடுத்தேன். மொத்த வேலையில் பெரிய செலவு இதுதான். அடுத்தது விண்டோஸ் 10 போட்ட பழைய மடிக்கணினி ஒன்று, 11,000 ரூபாய். அதை ஏன் வாங்கினேன் என்பது பிறகு வரும். மற்ற எல்லாம் இலவசம்.

பேக்கேஜுக்கு ‘மழை’ என்றே பெயர் வைத்தேன், ஆங்கில எழுத்தில், 6 எழுத்து. பேக்கேஜ் பெயரில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி இவற்றைத் தவிர வேறு எதையும் ஆர் ஏற்காது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஊர்ப் பெயர்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். நோட்டில் எழுதியவர்கள் தமிழில் எழுதினார்கள். அவர்கள் வந்து பார்த்தால் தங்கள் ஊர் தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். “ஆங்கிலத்தில் போட்டுவிடுங்கள் அண்ணா, ஒரு நாளில் முடிந்துவிடும்” என்று நண்பர்கள் 2 பேர் சொன்னார்கள். சொன்னது உண்மை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

முதல் முயற்சி மிக எளிமையானது. பேக்கேஜுக்குள் ‘டேட்டா’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதில் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த எழுத்து அட்டவணை) போட்டால், ‘டேட்டா’ என்ற கட்டளையே அதைப் படித்துக் கொடுத்துவிடும். 13 எம்பிக்குக் கொஞ்சம் மேல் இருந்த ஒரே ஃபைலை அப்படியே போட்டேன். திறந்து பார்த்தால் 1,79,703 வரிசையும் இருக்கிறது, நெடுவரிசை மட்டும் ஒன்றே ஒன்று. ஊர், தாலுகா, தேதி, மில்லிமீட்டர் எல்லாம் ஒரே அறையில் ஒட்டிக் கிடந்தன. ஃபைல் கெட்டுவிட்டதோ என்று அரை நாள் தேடினேன். காரணம் கையேட்டில் ஒரு வரியில் இருந்தது. அந்த ஃபோல்டரில் வைக்கும் சிஎஸ்வியை ஆர் காற்புள்ளியால் பிரிக்காது, அரைப்புள்ளியால்தான் பிரிக்கும். ‘ரீட்.சிஎஸ்வி’ கட்டளையின் வழக்கம் வேறு, இதன் வழக்கம் வேறு. போதாக்குறைக்கு எழுத்தாக இருப்பதை எல்லாம் ஃபேக்டராக, அதாவது வகைப் பட்டியலாக, மாற்றியும் விடும். அரைப்புள்ளிக்கு மாறியிருக்கலாம்தான், ஆனால் பயனர்கள் ஃபைலை எடுத்து நேரடியாகவும் பார்க்க வேண்டும் என்று அப்போது நினைத்ததால் வேறு இடத்துக்குப் போனேன்.

அந்த இடம் ‘இன்ஸ்ட்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘எக்ஸ்ட்டேட்டா’. இங்கே எதைப் போட்டாலும் ஆர் தொடாது, அப்படியே கொண்டுபோய்ப் பயனர் கணினியில் வைத்துவிடும். ‘சிஸ்டம்.ஃபைல்’ என்ற கட்டளையால் அது இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு ஊருக்கு ஒரு ஃபைல் என்று 41 ஆகப் பிரித்தேன், திருத்தம் வந்தால் எந்த ஊரில் என்று உடனே தெரியும். மாவட்டம், ஊர் இரண்டையும் சேர்த்துத் தமிழிலேயே ஃபைலுக்குப் பெயர் வைத்தேன். ‘தினசரி_மழை’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘திருவண்ணாமலை_செய்யாறு’. பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

இங்கே 2 தவறு செய்தேன், ஒன்று சின்னது. ஃபைல் இருக்கும் வழியைக் கேட்கும்போது ‘இன்ஸ்ட்’ என்பதையும் சேர்த்து எழுதிவிட்டேன். பேக்கேஜ் நிறுவப்படும்போது ‘இன்ஸ்ட்’ ஃபோல்டரில் இருப்பவை ஒரு படி மேலே ஏறிவிடும், அந்தப் பெயரே மறைந்துவிடும். நான் நிறுவாமலே பேக்கேஜை ஏற்றிப் பார்க்கும் ‘லோட்_ஆல்’ கட்டளை போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். அது மூல ஃபோல்டரிலும் சேர்த்துத் தேடுவதால் எனக்கு எல்லாம் வேலை செய்தது. முறையாக நிறுவிப் பார்த்ததும் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தரவு சம்பந்தப்பட்ட எதை மாற்றினாலும் பேக்கேஜை உண்மையாக நிறுவி, ஆர் அமர்வை மூடித் திறந்து, அப்புறம்தான் பார்ப்பேன்.

பெரிய தவறு ஃபைல் பெயர்கள். பேக்கேஜைச் சரிபார்க்கும் ‘ஆர் சிஎம்டி செக்’ ஓட்டியதும் எச்சரிக்கைகள் வந்தன. ஒன்று, ஃபைல் பெயரில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண்) அல்லாத எழுத்து இருக்கிறது என்றது. இன்னொன்று எனக்கு முதலில் புரியவே இல்லை, ஃபோல்டர்களையும் சேர்த்த ஃபைல் வழி 100 பைட்டைத் தாண்டுகிறது என்றது. என் பெயர்கள் ஒன்றும் நீளமாகத் தெரியவில்லையே என்று உட்கார்ந்து எண்ணினேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். உயிர்மெய் என்றால் மெய்க்கு 3, அதன் மேல் ஏறும் குறிக்கு இன்னொரு 3. ‘திருவண்ணாமலை’ கண்ணுக்கு 7 எழுத்து, கணினிக்கு 12 குறி, 36 பைட். பேக்கேஜ் பெயரும் ‘இன்ஸ்ட்’டும் ‘எக்ஸ்ட்டேட்டா’வும் சாய்கோடுகளோடு 20 பைட். ‘தினசரி_மழை’ ஃபோல்டர் 29. ‘திருவண்ணாமலை_செய்யாறு’ ஃபைல் அதன் நீட்டிப்போடு 65. மொத்தம் 114. பேக்கேஜைக் கட்டும் டார் வடிவத்தில் 100 பைட்டுக்கு மேற்பட்ட வழி எல்லாக் கணினியிலும் ஒழுங்காகப் பிரியும் என்பதற்கு உறுதி இல்லை. ஆங்கிலத்தில் 100 எழுத்தை எளிதில் எட்ட மாட்டோம், தமிழில் 33 குறியிலேயே எட்டிவிடுகிறோம்.

சரி, ஃபைல் பெயர் வழியைக் காட்டும் முகவரி மட்டும்தான், தமிழ் உள்ளே இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஊருக்கு மூன்றெழுத்து ஆங்கிலக் குறியீடு கொடுத்தேன். போளூருக்கு ‘பிஓஎல்’, செய்யாறுக்கு ‘சிஎச்ஒய்’. குன்னூருக்கு அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து ‘சி’, ‘ஓ’, ‘என்’. இது எவ்வளவு பெரிய வம்பு என்று அப்போது தெரியாது. விண்டோஸ் வைத்திருந்த ஒருவர் பேக்கேஜை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக இறக்கப் பார்த்தார், தவறான வழி என்று அந்த ஒரு ஃபைலில் நின்றுவிட்டது. அந்த மூன்று எழுத்தும் விண்டோஸில் கன்சோலுக்கு (விசைப்பலகை, திரை) ஒதுக்கப்பட்ட பெயர். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து வருவது. அதே போல அச்சுப்பொறிக்கும் தொடர் இணைப்புகளுக்கும் ஒதுக்கிய பெயர்கள் சில உண்டு. பின்னால் என்ன நீட்டிப்பு போட்டாலும், பெரிய எழுத்தானாலும் சிறிய எழுத்தானாலும் அந்தப் பெயரில் ஃபைல் வைக்கக் கூடாது. ஆர் கையேட்டிலும் இந்தப் பட்டியல் இருக்கிறது, நான் அதுவரை படிக்கவில்லை. குன்னூருக்கு 4 எழுத்துக் குறியீடு கொடுத்ததும் தீர்ந்தது. ஒன்றுக்கு மட்டும் 4 எழுத்து உறுத்தியதால் 41 ஊருக்கும் 4 எழுத்தாக மாற்றினேன், அதில் ஒரு மாலை போனது.

மாற்றும்போது சில ஃபைல்களுக்குப் பெரிய எழுத்தில் பெயர் விழுந்துவிட்டது. நான் வைத்திருப்பது மேக். அதன் வட்டு வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்க்காது. விண்டோஸும் பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். வேலூரில் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, உள்ளீட்டில் வரிகளே இல்லை என்கிறது, ஃபைல் காலியா?” என்று கேட்டார். ஃபைல் காலி இல்லை. ‘சிஸ்டம்.ஃபைல்’ தேடியதைக் கண்டுபிடிக்காவிட்டால் பிழை சொல்லாது, வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத சொல்லை, திருப்பிக் கொடுக்கும். அந்த வெற்றுச் சரத்தை ‘ரீட்.சிஎஸ்வி’ வாங்கி, பெயரில்லாத காலி ஃபைல் ஒன்றைத் திறந்து, அதில் வரி இல்லை என்று புகார் சொல்லும். நோய் ஓரிடம், வலி வேறிடம். ‘சிஸ்டம்.ஃபைல்’ கட்டளையில் ‘மஸ்ட்வொர்க்’ என்பதை உண்மை என்று வைத்துவிட்டால் ஃபைல் இல்லாத இடத்திலேயே நின்றுவிடும். இது ஏன் இயல்பாகவே அப்படி இருக்கக் கூடாது என்று எனக்கு இன்னமும் ஆதங்கம்தான். அன்று என் நிரலில் இருந்த 6 இடத்திலும் அதைச் சேர்த்தேன்.

அப்புறம் விண்டோஸ். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டதும், அதிகம் கற்றதும் இங்கேதான். ஆர் 4.2.0 பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது. அதிலிருந்து, ஓரளவு புதிய விண்டோஸ் 10 இருந்தால், ஆர் உள்ளே யூடிஎஃப்-8 முறையிலேயே இயங்கும். அதற்கு முன் இருந்த பதிப்புகள் விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கத்தை (எழுத்துகளின் எண் பட்டியலை) வைத்து இயங்கின, அதில் தமிழுக்கு இடமே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் 4.1 தான். அங்கே படிக்கும் மாணவர் அனுப்பிய திரைப்பிடிப்பில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோணக் குறிக்குள் ‘யூ பிளஸ் 0பி9ஏ’, ‘யூ பிளஸ் 0பிசி6’ என்று வரிசையாக ஓடியது. ‘செய்யாறு’ என்ற பெயரின் 8 குறியும் 8 எண்ணாக. எழுத்து அழியவில்லை, காட்டத் தெரியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் 11,000 ரூபாய் மடிக்கணினியை வாங்கினேன். அதில் ஆர் 4.1.3, 4.3.1 இரண்டையும் போட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டிலும் ஓட்டினேன்.

பழைய பதிப்பில் படிக்கும் வழியில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதில் நான் 2 நாள் மாட்டிக்கொண்டேன். ‘ரீட்.சிஎஸ்வி’ கட்டளைக்கு ‘என்கோடிங்’ என்று ஒரு வாய்ப்பு, ‘ஃபைல்என்கோடிங்’ என்று இன்னொன்று. பின்னதைப் போட்டால் படிக்கும்போதே அந்தக் கணினியின் சொந்தக் குறியீட்டுக்கு மாற்றப் பார்க்கும். பழைய விண்டோஸில் தமிழுக்கு அங்கே இடம் இல்லாததால் ஃபைல் நடுவிலேயே அறுந்துவிடும். முன்னது எதையும் மாற்றாது, வந்த பைட்டுகளின் மேல் ‘இது யூடிஎஃப்-8’ என்று ஒரு சீட்டு மட்டும் ஒட்டும். எனக்கு வேண்டியது அதுதான். நான் முதலில் போட்டதோ பின்னதை.

அத்தோடு, தட்டச்சு செய்து வந்த ஃபைல்களில் 9 ஃபைல் விரிதாள் மென்பொருளிலிருந்து சேமித்தவை. அவற்றின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் குறி இருந்தது. என் மேக்கில் அது தெரியவே இல்லை. பழைய ஆர் இருந்த விண்டோஸில் முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, ‘ஊர்’ என்ற நெடுவரிசையே இல்லை என்று நிரல் நின்றது. எல்லாவற்றிலிருந்தும் அந்தக் குறியை எடுத்தேன். கூடவே நெடுவரிசைத் தலைப்புகளையும் சின்ன ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன், நிரலில் தொடர்ந்து தட்டச்சு செய்ய வேண்டியவை அவை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கணக்கு இடித்தது. 41 ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 42 வந்தது. பட்டியலைப் பார்த்தால் ‘போளூர்’ 2 தடவை. இரண்டும் கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றுதான். நீளத்தைக் கேட்டேன். ஒன்று 6, மற்றது 7. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியாக இருந்தது. மற்றதில் இரட்டைக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இருந்தன. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே ஏற்கிறது, திரையும் ஒரே மாதிரி வரைகிறது, ஆனால் ஆர் இரண்டு சரங்களை ஒப்பிடும்போது பைட்டைத்தான் பார்க்கும். தேடியதில், ஒரு மானியின் 3 வருடப் பதிவு மட்டும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பின்னால் மாற்றியது என்று தெரிந்தது. அந்த மாற்றி எல்லா ஒகர, ஓகாரங்களையும் இரண்டாக உடைத்து வைத்திருந்தது. ‘ஸ்ட்ரிங்கை’ பேக்கேஜில் ‘ஸ்ட்ரி_டிரான்ஸ்_என்எஃப்சி’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது உடைந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும். அதை ஓட்டியதும் 41. தமிழ்த் தரவு வைத்திருக்கும் எல்லோரும் முதல் நாளே இதை ஓட்டிவிட வேண்டும். ஆனால் இது கை கொடுக்காத இடமும் உண்டு. ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதில் ‘ள’ எழுத்தைத் தட்டியிருந்தாலோ, காலுக்குப் பதில் ‘ர’ தட்டியிருந்தாலோ அது வேறு எழுத்துதான், கணினி திருத்தாது. அப்படி 5 இடம் கிடைத்தது, கையால் திருத்தினேன்.

இந்தக் கட்டத்தில்தான் 41 சிஎஸ்வி என்ற யோசனையையே கைவிட்டேன். ஒரு வரிசையில் ஊர்ப் பெயரும் தாலுகாப் பெயரும் தமிழில் 1,79,703 தடவை திரும்பத் திரும்ப வருவதால்தான் 13 எம்பி. ஆர் பேக்கேஜ்களை வெளியிடும் கிரான் களஞ்சியத்தின் விதிப்படி பொதுவாகத் தரவு 5 எம்பியைத் தாண்டக் கூடாது. தரவை இரண்டாகப் பிரித்தேன். பெரிய அட்டவணையில் 4 எழுத்துக் குறியீடு, தேதி, மில்லிமீட்டர் மட்டும். சின்ன அட்டவணையில் 41 வரிசை, குறியீட்டுக்கு எதிரே ஊரும் தாலுகாவும் தமிழில். தமிழ் முழுவதும் அந்த 41 வரிசைக்குள் வந்துவிட்டது. என்ன குறியீட்டுச் சிக்கல் வந்தாலும் இனி பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

இரண்டையும் ஆரின் சொந்த ஆர்டிஏ வடிவத்தில் ‘டேட்டா’ ஃபோல்டரில் சேமித்தேன். இந்த வடிவம் எந்தக் கணினியில் எழுதினாலும் பைட் வரிசை ஒரே முறையில் இருக்கும், எழுத்துச் சரங்களின் மேல் ஒட்டிய யூடிஎஃப்-8 சீட்டும் கூடவே போகும், படிக்கிற கணினி எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ‘என்கோடிங்’ வாய்ப்புகளோடு போராடிய எனக்கு இது பெரிய நிம்மதி. ஒரே ஒரு நிபந்தனை, இப்போதைய வழக்கமான பதிப்பில் சேமித்தால் ஆர் 3.5.0க்கு முந்தையவற்றில் திறக்காது. பேக்கேஜைக் கட்டும்போது ஆர் தானாகவே அந்த நிபந்தனையைச் சேர்த்துவிடுகிறது.

அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஜிஜிப் சுருக்கத்தில் 520 கேபி, பிஜிப்2 முறையில் 190 கேபி, எக்ஸ்இசட் முறையில் 118 கேபி. ஜிஜிப் ஏன் இவ்வளவு பின்தங்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். தேதி ஒவ்வொன்றுக்கும் 8 பைட். ஒரு ஊருக்கு 4,383 தேதி, அதாவது 35,064 பைட். அதே தேதிகள் அடுத்த ஊருக்கும் அப்படியே திரும்ப வருகின்றன. ஜிஜிப் பின்னோக்கிப் பார்க்கும் தூரம் 32,768 பைட்தான். கொஞ்சம் தள்ளி இருப்பதால் அந்த மறுபடியும் வருதலை அது பார்க்கவே முடியாது. எக்ஸ்இசட் எம்பி கணக்கில் பின்னால் பார்க்கும். 10 வருடப் பதிவாக இருந்திருந்தால் ஜிஜிப்பும் பிடித்திருக்கும். ‘யூஸ்_டேட்டா’ கட்டளையில் சுருக்க முறையை மாற்ற ஒரு சொல் போதும், கண்டிப்பாக மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

தேதி என்றதும் இன்னொன்று. முதலில் தேதியை நேரத்தோடு சேர்ந்த வகையாகச் சேமித்திருந்தேன், நேரம் கொடுக்காததால் இந்திய நள்ளிரவாகப் பதிந்தது. இங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. இணையத்தில் இருக்கும் சோதனைக் கணினிகளின் கடிகாரம் உலகப் பொது நேரம். அங்கே 2015 டிசம்பர் 1 என்பது நவம்பர் 30 மாலை 6.30 ஆகி, அந்த மாதக் கூட்டுத்தொகையே மாறியது. இப்படி ஒரு நாள் தள்ளிப்போன மழையை யாராவது நம்பி ஆய்வில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது உண்மையிலேயே பதறியது. நேரமில்லாத ‘டேட்’ வகைக்கு மாற்றினேன்.

பயனர் தன் நோட்டை எந்த வடிவில் தயாரிக்க வேண்டும் என்று காட்ட ஒரே ஒரு மாதிரி சிஎஸ்வியை மட்டும் ‘எக்ஸ்ட்டேட்டா’வில் விட்டுவைத்தேன். ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அதன் எம்டி5 எண்ணைச் சோதனையில் ஒப்பிட்டேன். விண்டோஸில் மட்டும் பொருந்தவில்லை. கிட் அங்கே ஃபைலை இறக்கும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பைட் கூட்டியிருந்தது. மாதிரியில் 365 நாளும் ஒரு தலைப்பும், 366 பைட் கூடுதல், வித்தியாசம் மிகச் சரியாக அதுதான். ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலில் சிஎஸ்விகளின் வரி முடிவைத் தொடாதே என்று ஒரு வரி எழுதியதும் சரியானது.

ஆவணப்படுத்தலிலும் தமிழ் இடித்தது. தரவைப் பற்றிய உதவிப் பக்கத்தில் எடுத்துக்காட்டாக ‘செய்யாறு’ என்று எழுதியிருந்தேன். உலாவியில் அழகாக வந்தது, பிடிஎஃப் கையேடு கட்டும்போது லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் அந்த எழுத்தை அறியாமல் நின்றது. பிடிஎஃப் கட்டாமல் விடலாம் என்றால் கிரான் கட்டும். உதவிப் பக்க மொழியில் இந்தப் பகுதி எச்டிஎம்எல்லுக்கு, அதாவது உலாவிக்கு, மட்டும் என்று குறிக்க வழி இருக்கிறது. தமிழ் எடுத்துக்காட்டை அதற்குள் வைத்து, பிடிஎஃப் பக்கம் குறியீட்டை மட்டும் காட்டினேன். இதில் எனக்கு முழு திருப்தி இல்லை. நிரல் ஃபைல்களில் இருந்த தமிழ்ச் சொற்களை யூனிகோடு எண் வடிவத்துக்கு மாற்றியது அரை மணி நேர வேலை.

கடைசியில் மாட்டியது எழுதும் அனுமதி. ஆண்டுக் கூட்டுத்தொகையை ஒரு முறை கணக்கிட்டுப் பேக்கேஜ் ஃபோல்டருக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். என் கணினியில் அந்த ஃபோல்டர் எனக்குச் சொந்தம். நிர்வாகி நிறுவிக் கொடுத்த லினக்ஸ் கணினியில் பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. ஆர் 4.0.0 முதல் ‘ஆர்_யூசர்_டிர்’ என்ற கட்டளை இருக்கிறது, மூன்று இயங்குதளத்திலும் அதனதன் வழக்கப்படி பயனருக்கான இடத்தைக் காட்டும். அதை வைத்து எழுதிவிட்டு, கணக்கிட எவ்வளவு நேரம் என்று அளந்தேன். 0.4 நொடி. சேமிக்கவே தேவையில்லை என்று அந்த 60 வரியையும் அழித்துவிட்டேன்.

சோதனைக்கு, இணையத்தில் தானாக ஓட்டிப் பார்க்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மூன்று இயங்குதளமும் வைத்தேன். பொதுக் களஞ்சியத்துக்கு அது இலவசம். விண்டோஸில் ஆர் 4.1 ஒன்றையும் சேர்த்து மொத்தம் 4 ஓட்டம், ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். விண்டோஸில் ஓட்டிப் பார்க்கும் வின்பில்டர் சேவைக்கும் ஒரு தடவை அனுப்பினேன், முடிவு மின்னஞ்சலில் வந்தது. இப்போது மிஞ்சியிருப்பது ஒரே குறிப்பு. 82 யூடிஎஃப்-8 சரங்கள் தரவில் இருக்கின்றன என்கிறது. 41 ஊர், 41 தாலுகா. அந்தக் குறிப்பு அப்படியே இருக்கட்டும், அவை இருக்கத்தான் வேண்டும்.

அடுத்த முறை செய்தால், இந்தச் சோதனை அமைப்பைத்தான் முதல் நாளே போடுவேன், ஒரு வரிசை மட்டும் உள்ள பொய்த் தரவை வைத்தாவது. நான் அதை ஐந்தாம் வாரத்தில் போட்டேன், அதற்குள் நண்பர்கள் 3 பேரின் ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிவிட்டேன். மூலத் தரவைச் சுத்தம் செய்யும் நிரலை ‘டேட்டா-ரா’ ஃபோல்டரில் தனியாக வைத்து, பேக்கேஜில் சேராமல் விலக்கி, ஒரே கட்டளையில் ஆர்டிஏ வரை ஓடும்படி எழுதுவேன். இந்த முறை பாதியைக் கையால் செய்ததால் போளூர் திருத்தத்துக்குப் பின் எல்லாவற்றையும் 2 தடவை திரும்பச் செய்தேன். தட்டச்சு செய்பவர்களிடம் ஊர்ப் பெயரைத் தட்டவே விடமாட்டேன், குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று கொடுத்துவிடுவேன்.

இன்று காலை செய்யாறு மழைமானியை வைத்திருக்கும் ஐயாவுக்கு, விண்டோஸ் மடிக்கணினியின் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஊர்ப் பெயரை அவர் பார்த்தாரா தெரியவில்லை. “2019 ஆகஸ்ட் 14க்கு 31 என்று இருக்கிறது தம்பி, என் நோட்டில் 37” என்று திருப்பி எழுதினார். ஏழு, ஒன்று போலத் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.